முந்நூறு வரை

மூளை அறுவை முடிந்து வீட்டுக்கு வந்த ஒன்பதாம் நாள், நான்கு மணி மழையில், சமையலறைப் பக்கமிருந்து ஒரு பெண்குரல் "நாப்பத்திரண்டு" என்றது.

முகுந்தன் மாத்திரையை விழுங்கினான். பக்கத்து வீட்டு டிவியாக இருக்கும். பிரிக்பீல்ட்ஸின் அந்த அடுக்குமாடியில் சுவர்கள் மெல்லியவை. ரயிலின் அதிர்வும், கீழ்க்கடையில் வடை பொரியும் எண்ணெய் வாசமும், நனைந்த தாரின் நெடியும் ஜன்னலை மூடினாலும் உள்ளே வந்து, தையல் பிரித்த அவன் தலையைச் சுற்றி நிற்கும்.

"நாப்பத்திமூணு."

போன் அடித்தது. கிள்ளானிலிருந்து அக்கா புனிதா.

"மருந்து சாப்ட்டியா, இல்ல நான் வந்து ஊட்டணுமா?"

"சாப்ட்டேன்கா."

"ஃபிட்ஸ்?"

"வரல."

"பாத்தியா! மூணு மருந்துக்கு அடங்காதது ஒரே ஆபரேஷன்ல போச்சு லா. அரிசி அளவு புழு, அதுக்கு என்னா ஆட்டம்!"

மூளைக்குள் நாடாப்புழுவின் கூடு. ஸ்கேனில் வெள்ளைப் புள்ளி. உயிரோடு இருந்தவரை அது சும்மா இருந்தது, செத்த பிறகுதான் வலிப்பு என்றார் டாக்டர்.

ஒவ்வொரு வலிப்புக்கும் அவன் மனைவி சுரேகா தலைக்கடியில் கை கொடுத்து, இடப்பக்கம் சாய்த்துப் படுக்க வைத்து நொடிகளை எண்ணுவாள். அவன் கண் விழித்ததும் நிறுத்துவாள். முந்நூறு தாண்டினால் ஆம்புலன்ஸ். அறுவைக்கு முன்பு கேரி தீவில் ஒரு கல்யாணம். கார் ஓட்டக்கூடாதென்று டாக்டர் சொல்லியிருந்தும், ஒரு மணி நேரம்தானே என்று அவன்தான் ஓட்டினான். தெலுக் பங்லிமா காராங் ஊரைத் தாண்டி வலிப்பு வந்தது. காரின் கேமராவில் அவள் குரல் மிஞ்சியது. ஸ்டியரிங்கை இழுத்துப் பிடித்தபடி எண்ணியிருந்தாள். நாற்பத்தொன்று வரை. பிறகு லோரி.

அந்தப் பதிவை அவன் யாருக்கும் போட்டுக் காட்டியதில்லை.

"தம்பி," புனிதாவின் குரல் இறங்கியது. "அங்க யாருடா எண்ணிக்கிட்டு இருக்கா?"

போனை வைத்துவிட்டான்.

"நூத்தி எட்டு." இப்போது கூடத்தில்.

"முழிச்சிருக்கேன், சுரேகா." கண்களை அகலத் திறந்து காட்டினான். "எனக்கு ஒண்ணுமில்ல. பாரு."

எண்ணிக்கை நிற்கவில்லை.

கதவுக்குப் போக அந்தக் குரலைக் கடக்க வேண்டும். சுவரோடு சரிந்து உட்கார்ந்தான். பெட்ரோல் வாசம்.

இருநூற்றுத் தொண்ணூறு. காதருகே.

"முழிச்சிட்டேன்."

முந்நூறு.

மழை மட்டும்.

பிறகு, மழித்த தலைக்கும் சுவருக்கும் நடுவே ஒரு கை நுழைந்தது. ஈரமாக. உள்ளங்கையில் கண்ணாடித் தூள் நறநறத்தது. எப்போதும்போல மெதுவாக, அவனை இடப்பக்கம் சாய்த்துப் படுக்க வைத்தது.

"முந்நூத்தி ஒண்ணு."