அரைமணி நேரத் துணிச்சல்

ஒரு மனிதனின் துணிச்சலுக்கு மாத வாடகை எட்டாயிரம் ரூபாய். மாட்டுச் சந்தையில்போலத் துண்டு மறைவில் விரல் பிடித்து விலை பேசினால் ஏழாயிரம். பொள்ளாச்சியில் என்னைவிடக் குறைத்துக் கொடுப்பவர் கிடையாது. துணிச்சலைக் கொடுத்தவனுக்கு அதில் மூவாயிரம் போகும். மீதி என் சாமர்த்தியம்.

அன்று சனிக்கிழமை. கடையின் பின்னறையில் மேசைவேட்டை நடந்துகொண்டிருந்தது. பகடை உருட்டி, ஆளுக்கொரு வேடம் ஏற்று, அரக்கர்களோடு மோதும் விளையாட்டு. அந்தக் காலத்தில் 'மாயக் கையுறை, வலிமை இரண்டு கூடுதல்' என்று தாளில் எழுதிக்கொண்டால் போதுமாம். இப்போது அரக்கன் மேசைமேல் எழுந்தே நிற்கிறான். அவன் மூச்சுச் சூடு முகத்தில் அடிக்கிறது. வெறுங்கையோடு உட்கார்ந்தால் பயத்தில் பகடையைக்கூடப் பிடிக்க முடியாது. அதற்குத்தான் வாடகைத் துணிச்சல் அடைத்த நரம்புக் கையுறை.

பல் டாக்டர் நித்திலா மாட்டியிருந்தது திருமூர்த்தி என்ற காற்றாலை மெக்கானிக்கின் துணிச்சல். முந்நூறடி உயரத்தில் கால் தொங்கவிட்டுச் சோறு தின்ற ஆள். முதல் தரச் சரக்கு.

அவனே வாசலில் வந்து நின்றான்.

"அண்ணா, அரைமணி நேரத்துக்கு மட்டும் அதைத் திருப்பிக் குடுங்கண்ணா."

"ஆட்டம் ஓடிட்டிருக்குது தம்பி. அப்படி என்ன அவசரம்?"

"குழந்தை குறைமாசமுங்க. நெஞ்சோட அணைச்சு வச்சாத்தான் சூடு நிக்குமாமுங்க. சம்சாரம் இன்னும் மயக்கத்துல இருக்கறா. எனக்குக் கை ஆடுது. நர்ஸு ரெண்டு தடவை குடுத்தாங்க, ரெண்டு தடவையும் பயந்து திருப்பி வாங்கிட்டாங்க."

துணிச்சலுக்கு நகல் கிடையாது. கையுறைக்குள் இருக்கும்வரை சொந்தக்காரனிடம் இருக்காது. ஒப்பந்தத்தில் பொடி எழுத்தில் போட்டிருக்கிறோம்.

பழக்கதோஷம், துண்டை விரித்துக் கையை நீட்டினேன். உள்ளே அவன் காட்டியது மூன்று விரலா நாலா என்றே பிடிபடவில்லை. அப்படியொரு நடுக்கம்.

"என்னங்கண்ணா, துண்டுக்குள்ள கோழிக்குஞ்சா?" என்று பின்னறையிலிருந்து எட்டிப் பார்த்துச் சிரித்தாள் நித்திலா. விஷயத்தைச் சொன்னேன். சிரிப்பு நின்றது.

"கழட்டினா ஆட்டத்துல உன்ற வீராங்கனை செத்தா! மூணு வருசமா வளத்தினது!" என்று அவள் கூட்டாளி கத்தினான்.

"செத்தாச் சாகட்டும் போடா."

கழற்றினாள். அரக்கனைப் பார்த்ததும் அவள் விரல்கள் உதறின. பகடை நழுவி உருண்டு ஒன்றில் நின்றது. வீராங்கனை செத்தாள்.

திருமூர்த்தி கையுறைக்குள் கைவிட்டான். பத்து விநாடியில் நடுக்கம் அடங்கியது. காலியான கையுறையை என்னிடம் கொடுத்துவிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினான்.

அரைமணி ஒரு மணியாயிற்று. போன் போட்டேன்.

"நேரம் முடிஞ்சுது தம்பி."

"புள்ளை நெஞ்சுமேல தூங்குதுங்க," என்றான் மெதுவாக. "இனி அதைத் தர்றதா இல்லீங்க."

"ஒப்பந்தம் இருக்குதே? மூணு தடவை நீதான புதுப்பிச்சே?"

"புதுப்பிச்சேனுங்க. மாட்டேன்னு சொல்லத் துணிச்சல் வேணுமில்லீங்களா? அது உங்க அலமாரியிலயில்ல இருந்துச்சு!"

வைத்துவிட்டான். நான் பதிவேட்டைத் திறந்தேன். நித்திலா என் தோளுக்குப் பின்னால் நின்று விரல் வைத்து எண்ணினாள்.

துணிச்சலை என்னிடம் வைத்துவிட்டுப் புதுப்பிக்கத் தலையாட்டியவர்கள், திருமூர்த்தியையும் சேர்த்து, நாற்பத்திரண்டு பேர். துணிச்சல் தன்னிடம் இருக்கும்போது அதே கேள்வி கேட்கப்பட்டவர் ஒருவர், இன்றைய திருமூர்த்தி. அதில் தலையாட்டியவர் யாருமில்லை.