விதை மல்லாட்டைப் பாட்டு

மங்கைக்குப் பாட்டுக் கட்டுவது என்றால் உயிர். பல் துலக்கினால் ஒரு பாட்டு, குடம் தூக்கினால் ஒரு பாட்டு.

"இந்தப் பொண்ணு வாய்க்கு ஒரு பூட்டு வாங்கியாங்கடா" என்பார் அவளுடைய நைனா துரைராஜ்.

அவரே அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில், "மங்க, இன்னிக்கு நீதான் பாட்டுக் கட்டணும்" என்றார்.

மழை பெய்து நிலம் ஈரமாகியிருந்தது. விதைக்க வேண்டிய மல்லாட்டையை, அதாவது நிலக்கடலையை, கையால் உடைக்கத் தெருப் பிள்ளைகள் வந்திருந்தார்கள். உடைக்கிறவர்கள் விடாமல் பாட வேண்டும் என்பது அந்த வீட்டு வழக்கம். பாடுகிற வாய் மெல்லாது அல்லவா?

"மத்தியானம் வந்து பார்ப்பேன். விதை கொறைஞ்சிருந்தா பாட்டும் கெடையாது, கூட்டமும் கெடையாது. பெரியவங்கள வச்சு உடைச்சுக்குவேன்" என்று சொல்லிவிட்டு நைனா ஏர் பார்க்கப் போனார்.

மங்கை முதலில் பஜனை மெட்டில் ஒரு பாட்டுக் கட்டினாள். அவள் ஓர் அடி பாட, மற்றவர்கள் திருப்பிப் பாட வேண்டும். அவள் பாடி முடிப்பதற்குள் எல்லா வாயும் மென்றன.

"இன்னாடா கன்னம் வீங்கியிருக்குது?"

"பல்லு வலி" என்றான் சிங்காரவேலு.

அடுத்து, காப்பி கிளப் ரேடியோவில் கேட்ட சினிமா மெட்டு.

"நடுவுல மியூசிக் வருமே, அப்ப சும்மாதானே இருக்கணும்?" என்றாள் ஜெயம். மியூசிக் நேரத்தில் அவளும் மென்றாள்.

கூத்து மெட்டுக்கு மாறினாள். சிங்காரவேலு எழுந்து ஆடியதில் முறமே கவிழ்ந்தது.

மங்கைக்கு அழுகை வந்தது. எல்லோரும் சேர்ந்து தன் பாட்டைப் பாடுவது இதுதான் முதல் தடவை. இதுவே கடைசியாகிவிடுமோ?

பக்கத்தில் இருந்த அம்மாக்கண்ணு மட்டும் எதையும் தின்னவில்லை.

"ஏண்டி, நீ திங்கல?"

"ஒங்க நைனா திட்டுவாரு. காலைல ஒண்ணும் சாப்டல, கை நடுங்குது." அவள் விரலில் ஒரு பருப்பு இரண்டாகப் பிளந்தது. "ஐயோ, உடைஞ்சிடுச்சு!"

"உடைஞ்சது மொளைக்காதுடி. தின்னு" என்றாள் மங்கை.

சொன்னவளுக்குச் சட்டென்று ஒன்று தோன்றியது. பிறகு தன்னிடம் உடைந்திருந்ததையெல்லாம் பொறுக்கி அம்மாக்கண்ணுவின் மடியில் போட்டாள்.

சுற்றிலும் படக், படக் என்று ஓடு உடையும் சத்தம். மெட்டு அதிலேயே இருந்தது. கோயிலிலும் ரேடியோவிலும் கடன் வாங்க வேண்டியதில்லை.

"முழுசா வந்தா மொறத்துக்கு,
மொளைக்கப் போவுது நெலத்துக்கு,
உடைஞ்சு வந்தா வயித்துக்கு!
வேணும்னு உடைச்சவன் பேரு
அடுத்த அடியில வரும் பாரு!"

'பார்க்கலாமே' என்று சிங்காரவேலு ஒரு பருப்பை நசுக்கினான். உடனே வந்தது அடுத்த அடி.

"சிங்காரவேலு வெரலப் பாரு,
சின்ன ஒலக்கன்னு அதுக்குப் பேரு!"

எல்லோரும் சிரித்தார்கள். அவன் விரலை மடக்கிக்கொண்டான். அதன்பிறகு யாருக்கும் துணிவு வரவில்லை.

மத்தியானம் வந்த நைனா முறத்துக்குள் கையை விட்டு அளைந்தார். எல்லாம் முழுப் பருப்பு.

"எங்க, இன்னொரு தடவ பாடுங்க" என்று அவரும் உடைக்க உட்கார்ந்தார்.

பாட்டு ஓடியது. நைனா ஒரு பருப்பை மெல்ல நசுக்கினார். இந்தப் பக்கம் பார்த்தார், அந்தப் பக்கம் பார்த்தார். வாயில் போட்டுக்கொண்டார்.

பாட்டு நின்றது.

"மங்க, அடுத்த அடி?" என்று கிசுகிசுத்தாள் அம்மாக்கண்ணு.

மங்கை தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

"வெதையைக் காக்க வந்தாரு,
வீட்டுக்காரரே தின்னாரு!"

நைனா மெல்லுவதை நிறுத்தினார்.

"மெட்டு நல்லாத்தான் இருக்குது" என்று சொல்லிவிட்டு, மீதியையும் மென்று விழுங்கினார் நைனா.