ஏறாத துடிப்பு

கத்தி அடிவயிற்றுத் தோலைக் கீறியபோதும் துடிப்பு எழுபத்திரண்டிலேயே நின்றது. மயக்க மருத்துவர் திரையை நிமிர்ந்து பார்த்தாள். எவ்வளவு ஆழ்ந்து உறங்குகிற உடம்பும் கத்தி படும் கணத்தில் நாலு துடிப்பாவது கூடத் துடித்து, 'யாரது?' என்று கேட்கும். இந்த உடம்பு கேட்கவில்லை.

"தாலாட்டு கைன்னா சும்மாவா?" என்றார் அறுவை மருத்துவர், குனிந்த தலை நிமிராமல். மூன்று மாதமாக அவளுக்கு அதுதான் பட்டப்பெயர்.

அதற்கு முன்பு ஒரு பள்ளி ஆசிரியை. மூச்சுக்குழாய்க்குள் குழாயை இறக்கியபோது அந்த உடம்பு திமிறியது. இரத்த அழுத்தம் தறிகெட்டு ஏறி, மூளையில் நாளம் வெடித்தது. ஆசிரியை கண் விழிக்கவே இல்லை. அன்றிலிருந்து மயக்க மருத்துவர் யாருக்கும் குழாய் இறக்குமுன் துடிப்பையும் அழுத்தத்தையும் அடக்கும் மருந்தைக் கொடுத்துவிடுவாள். அறுவை முடியும்வரை அது நரம்பில் ஓடிக்கொண்டே இருக்கும். அவளுடைய பதிவுத்தாள்களில் கோடுகள் அலையில்லாத குளத்து நீராகக் கிடந்தன.

இன்று படுத்திருப்பவர் பேருந்து ஓட்டுநர். குடலிறக்கம். "டாக்டரம்மா, முப்பது வருஷமா நான் முழிச்சிருந்தேன், வண்டியில இருந்தவங்க தூங்கினாங்க. இன்னிக்கு நீங்க ஓட்டுங்க, நான் தூங்கறேன்" என்று சிரித்தபடி கையை நீட்டியவர்.

கிருமிநாசினியின் காரவாடையும், நாளங்களைச் சுட்டு அடைக்கும் கருவியிலிருந்து எழும் கருகல் வாடையும் ஒன்றாகக் கலந்து முகமூடிக்குள் நுழைய, சுவாசக் கருவியின் துருத்தி ஏறி இறங்கிப் பெருமூச்சு விட, அதற்கெல்லாம் மேலே துடிப்பைச் சொல்லும் திரையின் ஒலி மட்டும் சுவர்க்கடிகாரம் தோற்கும் சீராக அடித்துக்கொண்டிருந்தது. எழுபத்திரண்டு. எழுபத்திரண்டு.

ஓட்டுநரின் இமைகளை மூடி ஒட்டியிருந்த பட்டை, இடது ஓரத்தில் ஈரமாகப் பிரிந்திருந்தது. கண்ணுக்கு இட்ட களிம்பு உருகியிருக்கும் என்று பஞ்சால் ஒற்றினாள்.

மறுபடியும் ஈரம்.

ஒற்றினாள். வலது கண்ணிலும். நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். வியர்வை இல்லை. கண்ணிலிருந்து மட்டும், நிற்காமல், காதுமடல்வரை வழிந்துகொண்டிருந்தது.

மெல்லத் திரும்பி மயக்க வாயுக் குடுவையைப் பார்த்தாள்.

திருகு பூஜ்யத்தில் இருந்தது.

குடுவையை நிரப்புவதற்காக அவள்தான் அதை மூடினாள். அதற்குள் அறுவை மருத்துவர் மேசையைச் சற்றுச் சாய்க்கச் சொன்னார். போனாள். திரும்பி வந்து திறக்கவில்லை. வாயு அளவைக் காட்டும் கருவி பழுதாகி இரண்டு வாரம்.

மூடி நாற்பத்தொரு நிமிடம்.

முதலில் போட்ட தூக்க ஊசி பத்து நிமிடம் தாங்கும். தசைகளைக் கட்டிப்போடும் மருந்து இன்னும் வேலை செய்தது. விரல் அசையாது. இமை அசையாது. தொண்டையில் குழாய். மிச்சமிருந்த ஒரே குரல் துடிப்பு.

அதன் வாயையும் அவள் பொத்தியிருந்தாள்.

திருகைத் திறந்தாள். தூக்க ஊசி ஒன்றை ஏற்றினாள்.

"என்ன டாக்டர்?" என்றாள் செவிலி.

"ஒண்ணுமில்ல சிஸ்டர்."

பதிவுத்தாளில், வழக்கம்போல், 'அமைதி' என்று எழுதினாள்.

மாலையில் வார்டுக்குப் போனாள். போகாமல் இருக்க முடியவில்லை. ஓட்டுநர் தலையணைகளில் சாய்ந்து, முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பியிருந்தார். மனைவி எழுந்து நின்றாள்.

"முழிச்சதுலேர்ந்து இப்படித்தான் டாக்டர். பேச்சே இல்ல. இவரு வாய மூடி நான் பார்த்ததே கிடையாது."

எல்லோரிடமும் கேட்கிற கேள்விதான். முகத்தில் வாயு முகமூடி வைத்தீர்கள் என்று அவர் சொல்லிவிட்டால் போதும், அவள் வீட்டுக்குப் போய்விடலாம். "தூங்கறதுக்கு முன்னாடி கடைசியா என்ன ஞாபகம் இருக்கு உங்களுக்கு?"

குழாய் உரசிப் புண்ணான தொண்டையிலிருந்து, சுவரைப் பார்த்தே பேசினார்.

"டொக்கு டொக்குன்னு ஒரு சத்தம். ரொம்ப நேரம் கழிச்சுதான் அது என்னோடதுன்னு புரிஞ்சுது. அத வேகமா ஓட வச்சா நீங்க திரும்பிப் பார்ப்பீங்கன்னு நெனச்சேன். புள்ளைங்கள நெனச்சேன். செத்துட்டேன்னு நெனச்சேன். அடிவரைக்கும் மிதிச்சேன் டாக்டரம்மா. வண்டி நகரவே இல்ல."

"ஏதோ கனவு. இல்ல டாக்டர்?" என்றாள் மனைவி.

மூன்று மாதத்துப் பதிவுத்தாள்கள் மயக்க மருத்துவரின் மனதில் ஒவ்வொன்றாகப் புரண்டன. இருநூறு பேர். குளத்து நீர். எதையும் சொல்லாமல் வீட்டுக்குப் போனவர்கள். அவர்களில் யார் தூங்கினார்கள்? எந்தத் தாளும் சொல்லாது. அப்படித்தான் அவள் செய்திருந்தாள்.

"தூங்கினா சரியாயிடும்" என்றாள் மனைவி. "நீங்களே ஒரு ஊசி போட்டு விட்டுடுங்களேன்."

ஊசி என்ற சொல்லுக்கு அவர் திரும்பினார்.

இரண்டு கைகளும் முகத்தில் இருந்தன. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் ஒவ்வொரு கண்ணின் இமைகளையும் மேலும் கீழுமாக இழுத்துப் பிடித்திருந்தன. நகம் பதிந்த இடங்களில் இரத்தம் கசிந்து காய்ந்திருந்தது. நடுவில், ஈரம் வற்றிச் சிவந்த இரண்டு விழிகள், இமைக்காமல், அவளையே பார்த்தன.