இடப்பக்கம் இரண்டு விரல்

"ஆன்டி, என் படகு சாயுது. யாரால சாயுதுன்னும் எனக்குத் தெரியும்!"

சித்தியவானில் மாதுமையின் வீட்டு வாசலில், காலை எட்டு மணிக்கு, கிளாரிசா மூச்சிரைக்க நின்றாள். முழங்கால்வரை ஈரம். முப்பது ஆண்டுகள் கப்பல்களைச் சோதித்துச் சான்றளித்து ஓய்வுபெற்ற மாதுமை, அவளை நிதானமாக ஏற இறங்கப் பார்த்தார்.

"ஆளைத் தெரிஞ்சால் என்னட்ட ஏன் வந்தனீர், பிள்ளை?"

"நிரூபிக்கணும் லா! மூணு மணிக்குப் பந்தயக்காரங்க அளக்க வாராங்க. சாஞ்ச படகை விடமாட்டாங்க."

காரில் போகும்போதே முழுக் கதையும் கொட்டியது. அவளும் அண்ணன் திமோத்தியும் பழைய தோட்டத்து ரப்பர் ஸ்டோர் கொட்டகையில் இரண்டு வருடம் சேர்ந்து கட்டிய பாய்மரப் படகு அது. நேற்றுதான் லூமுட்டில் தண்ணீரில் இறக்கினார்கள். சாமான்களை ஏற்றித் தண்ணீர்த் தொட்டியை நிரப்பியதும் இடப்பக்கம் சரிந்துவிட்டது. அடியில் பாரத்துக்காகப் பூட்டிய இரண்டு ஈயக்கட்டிகளையும் கமுந்திங் பட்டறையில் வார்த்தவன் திமோத்தி.

"வலப்பக்கக் கட்டி உள்ளுக்குள்ள வெத்து, ஆன்டி. காத்து அடைச்சிருக்கு. தெரிஞ்சும் மறைச்சிட்டான். எல்லார் முன்னாடியும் கேட்டேன். ஸ்பானரை வச்சிட்டு மோட்டார் சைக்கிள்ல ஏறிப் போயிட்டான். கமுந்திங்குக்குத்தான் போயிருப்பான்."

"இரண்டு பேர் ஓடுற பந்தயம்தானே இது?"

அண்ணன் இல்லாமல் படகு நேராக நின்றும் பயனில்லை என்பதைக் கிளாரிசா காலையிலிருந்து நினைக்காமல் இருக்க முயன்றுகொண்டிருந்தாள்.

படகுத்துறையில் பக்கத்துப் படகிலிருந்து கீத் குரல் கொடுத்தான். "கிளாரிசா! வலப்பக்கம் ரெண்டு மூட்டை அரிசி வை லா, சரியாயிடும்!"

மாதுமை துறைப் பலகையில் குப்புறப் படுத்தார். படகைச் சுற்றித் தீட்டியிருந்த சிவப்புக் கோட்டைப் பார்த்துத் தண்ணீரில் விரல்களை வைத்தார். இடப்பக்கம் கோடு இரண்டு விரல் மூழ்கியிருந்தது. வலப்பக்கம் இரண்டு விரல் மேலே தெரிந்தது. முன்னும் பின்னும் சரியாக இருந்தன.

உள்ளே, பாய்மரத் தூணில் திமோத்தி மாட்டிய ஜெபமாலை தொங்கியது. தூணின் நடுவே பலகைகள் ஒட்டிய கோடு ஓடியது. சிலுவை அந்தக் கோட்டிலிருந்து ஒரு விரல் விலகி நின்றது. மாதுமை அதைச் சற்று நேரம் பார்த்தார். பிறகு சமையல் மூலைக்குப் போய்க் குழாயைத் திறந்து கை கழுவினார். மூடவில்லை.

கிளாரிசா எட்டி மூடப் போனாள்.

"இருக்கட்டும். நீர் கட்டின நாள் படங்கள் இருந்தால் காட்டும். வரைபடத்தையும் எடும்."

இடப்பக்கம் கடலில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. கிளாரிசா தொலைபேசியை நீட்டினாள். ஸ்டோருக்குள் ஆமையைப்போல் கவிழ்த்துப் போட்ட படகு. அதன் பின்புறத்தில் கையில் துளைக்கும் கருவியோடு சிரித்துக்கொண்டு அவளே நின்றாள்.

"கழிவுத் தண்ணி போற ஓட்டை. முதல் ஓட்டை நான் போட்டது! அன்னிக்கு அண்ணன் வரல."

மாதுமை தலையசைத்தார். "ஈயம் வெத்தெண்டால் படகு மொத்தத்தில இலேசாகி மேல வந்திருக்க வேணும். இங்க இடப்பக்கம் தாழ்ந்த அளவுக்குத்தான் வலப்பக்கம் உயர்ந்திருக்கு. ஒண்டும் குறையேல்லை, ஒண்டும் கூடேல்லை. ஏதோ ஒரு பாரம் பக்கம் மாறி இருக்கு."

கிளாரிசா பக்கத்துப் படகைத் திரும்பிப் பார்த்தாள். "அப்ப யாரோ மாத்திட்டாங்க! கீத் வேலையா?"

"வரைபடத்தில சமையலும் தண்ணித் தொட்டியும் எந்தப் பக்கம்?"

"வலப்பக்..." அவள் குனிந்து பார்த்தாள். தொட்டி அவள் இடக்கைப் பக்கம் இருந்தது.

மாதுமை தொலைபேசியை மேசைமேல் மட்டமாக வைத்துத் தலைகீழாகச் சுழற்றினார். கவிழ்ந்திருந்த படகு நிமிர்ந்தது. வலப்பக்கம் இருந்த ஓட்டை இடப்பக்கம் வந்து நின்றது.

"கவிழ்ந்து கிடந்த படகுக்கு உம்மட வலக்கைப் பக்கம் துளை போட்டீர். பிறகு..."

"பிறகு ஓட்டையைப் பார்த்துத் தொட்டியை வச்சேன்." அவள் வரைபடத்தை இழுத்தாள். "அண்ணன் வரைபடத்தைப் பார்த்து பேட்டரி ரெண்டையும் இடப்பக்கம் வச்சான். ரெண்டு பாரமும் ஒரே பக்கம்."

குழாய் இருமி, காற்றைக் கக்கி, நின்றது. மாதுமை தூணைக் காட்டினார். சிலுவை பாதி தூரம் கோட்டை நோக்கி வந்திருந்தது.

"தொட்டி காலி. மிச்சப் பாதி பேட்டரியள். அதுகளை வலப்பக்கம் மாத்தித் தொட்டியை நிரப்பினால் சரி. ஒரு மணி நேர வேலை."

மகிழ்ச்சியில் துள்ள வேண்டிய நேரம். ஆனால் கிளாரிசா அந்தப் படத்தில் சிரிக்கும் தன்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். காலையிலிருந்து எத்தனை பேரைச் சந்தேகித்தாள்! தன் கை மட்டும் ஒரு முறைகூட அந்தப் பட்டியலில் இல்லை. சின்ன வயதில் தட்டு உடைந்தால் முதலில் அண்ணனைத் திரும்பிப் பார்த்த அதே கண்.

எல்லார் முன்னாலும் சொன்ன பழி. அவள் மேலே ஏறி, கீத்துக்கும் மற்றவர்களுக்கும் கேட்கும்படி தொலைபேசியின் ஒலிபெருக்கியைப் போட்டு அண்ணனை அழைத்தாள்.

"அண்ணே, ஈயம் சரியாத்தான் இருக்கு. நான்தான் ஓட்டையைத் தப்பான பக்கம் போட்டேன். எல்லாரும் கேட்டுக்கிட்டு இருக்காங்க. மன்னிச்சிரு. வயர் மாத்த நீ வேணும். கமுந்திங்லேர்ந்து எப்ப வர முடியும்?"

கீத்கூடச் சிரிக்கவில்லை.

"நான் கமுந்திங் போகல லா," என்றான் திமோத்தி. "ஸ்டோர்லதான் இருக்கேன். நீ சொன்னது உண்மையா இருக்குமோன்னு இங்க கொண்டாந்து வச்ச வார்ப்பு அச்சை அளந்துக்கிட்டு இருக்கேன். இது ஏழாவது தடவை."

பின்னால் ஏறி வந்த மாதுமை கிளாரிசாவின் கையிலிருந்த தொலைபேசியை வாங்கினார்.

"அளந்தது போதும், தம்பி. வாரும்."

மூன்று மணிக்கு அளவுக்காரர் துறைப் பலகையில் குனிந்தபோது சிவப்புக் கோடு இரண்டு பக்கமும் ஒரே மட்டத்தில் இருந்தது. உள்ளே அண்ணனும் தங்கையும் வலப்பக்கம் மாற்றிய பேட்டரிப் பெட்டியின் இரு முனைகளையும் பிடித்தபடி தூணையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். சிலுவை கோட்டின்மேல் அசையாமல் நின்றது.