தஞ்சம் என்றொரு சொல்

மாலைச் செக்கர் பொருநையாற்று நீரில் குங்குமத்தைக் கரைத்தாற்போல் பரவி, அதன்மேல் வளர்பிறைச் சந்திரனின் வெள்ளிக் கதிர்களும் வந்து விழ, தன் நிறம் எதுவென்று தெரியாமல் ஆறே திகைத்து ஓடிக்கொண்டிருந்த அந்த வேளையில், திருமாறனூர்க் கோட்டையின் கீழை வாயிலை நோக்கி ஜனங்கள் சாரி சாரியாக வந்துகொண்டிருந்தார்கள். வண்டிகளில் நெல்மூட்டை, தலையில் பானை, இடுப்பில் குழந்தை. வேங்கைமலை வேளின் படை இரண்டு காதத் தொலைவில் பாசறை இறங்கியிருந்தது.

பதறாதீர்கள், என் கண்மணிகளே. அந்த ஜனங்களே பதறவில்லை. சுற்றுவட்டாரத்துப் பதினெட்டு ஊர்களுக்கும் அந்த நகரத்திலே ஊருக்கொரு தெரு உண்டு. ஒவ்வொரு குடும்பத்துக்கும் அந்தத் தெருவிலே ஒரு வீடு உறவு. தை பிறந்தால் புது நெல் முதலில் அந்த வீட்டுக்குத்தான் போகும். ஆபத்து வந்தால் அந்த வீட்டார் வாயிலுக்கு வந்து, 'எங்கள் வீட்டார்' என்று கைப்பிடித்து அழைத்துப் போவார்கள். பொய்யாக ஒருவரை அப்படி அழைத்தால் அழைத்தவர் தலை போகும். சட்டம் அவ்வளவுதான்.

அப்போது, உழவனைப் போல் உடுத்த வாலிபன் ஒருவன், கால் விளங்காத ஆற்றூர்க் குயவர் ஒருவரை முதுகில் சுமந்து, மார்பளவு நீரில் ஆற்றைக் கடந்து வந்து வாயிலருகே இறக்கினான். எந்த ஊர் என்று கேட்டார் வாயிற்காவல் தலைவர் கொற்றனார்.

"ஆற்றூர், ஐயா. தஞ்சம் தேடி வந்திருக்கிறேன்."

கொற்றனாரின் புருவம் நெரிந்தது. "முப்பது வருஷமாக இந்த வாயிலில் நிற்கிறேன், தம்பி. ஆற்றூர்க்காரன் எவனும் என்னிடம் தஞ்சம் கேட்டதில்லை. தன் வீட்டுக்கு வருகிறவன் தஞ்சமா கேட்பான்?"

இரண்டு வேல்கள் அவன் மார்புக்குக் குறுக்கே வந்து நின்றன. குயவரை அழைத்துப்போக வந்திருந்த செக்கார் வீட்டுப் பெண் அல்லியங்கோதை, அவன் ஆற்றில் தடுமாறித் தடுமாறி வந்ததை முழுக்கப் பார்த்திருந்தவள், என்ன நினைத்தாளோ, முன்னால் வந்து அவன் கையைப் பற்றிக்கொண்டாள். "இவரும் எங்கள் வீட்டார்தான், ஐயா. மலைநாட்டில் வளர்ந்தவர். பேச்சு அப்படித்தான் இருக்கும்."

வீட்டுக்கு வந்ததும், குயவருக்குக் கஞ்சி கொடுத்துவிட்டு, செக்கின் பக்கத்தில் அவனை நிறுத்தி உண்மையைக் கேட்டாள். அவனும் மறைக்கவில்லை. தான் ஒற்றன் என்றான். ஊர்களுக்குத் தீ வைத்தால் ஜனங்கள் கோட்டைக்கு ஓடுவார்கள், நகரத்தார் வாயிலை அடைப்பார்கள், அந்தக் குழப்பத்தில் உள்ளே புகுந்துவிடலாம் என்று வேங்கைமலையார் நம்பியிருந்தார்களாம். அடைக்காத வாயிலைக் கண்டதும் அந்தக் கணக்கே தப்பிப்போயிற்று என்றான்.

"ஒற்றராக வந்தவர் குயவரை ஏன் சுமந்தீர்?"

"அவர் கூப்பிட்டார். வேறென்ன செய்வது?"

அல்லியங்கோதை பதில் சொல்லுமுன் தெருவில் தீவட்டி வெளிச்சம் தெரிந்தது. ஆற்றூரார் எல்லோரையும் விசாரித்து, அவனை அறிந்தவர் ஒருவரும் இல்லை என்று தெரிந்துகொண்டு, கொற்றனார் வீரர்களோடு வந்துவிட்டார். அகப்பட்டால் போவது அவள் தலை. ஆனாலும் கொல்லைக் கதவைத் திறந்துவிட்டு, வாய்க்கால் வழியே போய்விடும்படி அவனிடம் மெல்லச் சொன்னாள்.

திறந்த கதவு, அதற்கப்பால் நிலவு, அதற்கப்பால் அவனுடைய பாசறை. அவனோ வாசல் பக்கம் நடந்தான்.

"கொற்றனாரே, நான் வேங்கைமலை வேளின் தம்பி, வயிரவேள்." இடுப்பிலிருந்து வேங்கைப்பூ பொறித்த மோதிரத்தை எடுத்து நீட்டினான். "இதை என் தமையனாருக்கு அனுப்புங்கள். நான் இருக்கும் நகரத்துக்கோ அதன் ஊர்களுக்கோ அவர் தீ வைக்கமாட்டார். அவர் படை திரும்பி, கடைசி உழவர் தம் வயலுக்குப் போய்ச் சேரும்வரை இந்தக் கோட்டையை விட்டு வெளியேறமாட்டேன். இது என் குலத்தின்மேல் ஆணை. இந்தப் பெண்ணின் தலைக்கு ஈடாக என்னை வைத்துக்கொள்ளுங்கள்."

கொற்றனார் மோதிரத்தைத் தீவட்டியில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு வேல்களைத் தாழ்த்தச் சொன்னார். ஈடு ஏற்கப்பட்டது, பெண்ணின்மேல் குற்றமில்லை என்றார். ஆனால் ஓர் இளவரசரை எங்கே வைத்துக் காப்பது? சிறைக்கூடம் முழுக்க நெல்மூட்டை அடுக்கியாயிற்றே என்று தாடியைத் தடவினார்.

"இங்கேயே விட்டுப் போங்கள், ஐயா," என்றாள் அல்லியங்கோதை, கண்ணைத் துடைத்துக்கொண்டு. "இன்றைக்கு நூறு பேர் கூடுதலாக வந்திருக்கிறார்கள். எண்ணெய் ஆட்ட எங்களுக்கு ஒரு மாடு குறைகிறது."

வீரர்கள் சிரிப்பை அடக்கப் பட்ட பாடு சொல்லி முடியாது. வேங்கைமலை இளவரசன் வயிரவேளோ, மேலாடையை மடித்து இடுப்பில் கட்டிக்கொண்டு, நுகத்தடியின் எந்தப் பக்கம் நிற்கவேண்டும் என்று அவளிடம் கேட்டான்.