நூரோவாவோடு போக வேண்டிய போர்வை

நூலில் கோத்து வைத்த துணித்துண்டுகளில் மஞ்சளாக ஒன்று கூடியிருந்தது.

துவாயினே மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தாள். தீப்பெட்டியைவிடச் சின்னத் துண்டு. மஞ்சளில் சிவப்புச் செம்பருத்தி. இந்த வீட்டில் யாரும் அப்படியொரு துணியை உடுத்தியதில்லை. வெளியே ஐத்துத்தாகித் தீவு முழுக்க மூன்றாம் நாளாக மழை ஊற்றிக்கொண்டிருந்தது. தகரக் கூரை இரைந்த இரைச்சலுக்குள்ளும், ஈரப் பாயின் வாடைக்குள்ளும், அன்று அக்காவின் சவப்பெட்டியில் வைத்த வெள்ளைப் பூ வாடிய மணம் மெல்ல மெல்ல அறைக்குள் ஏறி அவள் தொண்டையில் வந்து உட்கார்ந்தது.

அக்கா நூரோவாவைப் புதைத்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. வீட்டு வாசலிலேயே சமாதி. சுண்ணாம்பு இன்னும் காயவில்லை.

ஒட்டுப்போர்வை தைப்பதில் நூரோவாவை மிஞ்ச அந்தத் தீவில் ஆள் கிடையாது. கட்டிக்கொள்ளாமலே கிழடு தட்டிய அவள், ஒரே ஒரு போர்வையை மட்டும் தனக்கென்று தைத்தாள். அப்பாவின் தேவாலயச் சட்டை, அம்மாவின் கல்யாணக் கவுன், கடலில் போன தம்பியின் கால்சட்டை எல்லாம் அதில் துண்டு துண்டாக இருந்தன. நட்டநடுவில் மட்டும் தனக்கென்று ஒரு இடத்தை வெறுமையாக விட்டிருந்தாள். “செத்தவங்க துணி மட்டுந்தான்டி இதுல. நான் போறப்ப என்னை இதுல சுத்திப் புதைங்க. எல்லாரையும் கையோட கூட்டிட்டுப் போயிடறேன்” என்பாள்.

துவாயினேக்கு ஒரே மகள் மேரே. ஆக்லாந்தில் வேலை. இந்தச் சனிக்கிழமை இங்கே கல்யாணம். அம்மா தைத்த போர்வை இல்லாமல் ஒரு பெண் புகுந்த வீட்டுக்குப் போனால் சம்பந்தி சிரிப்பார்கள், தையல் சங்கம் அதைவிடச் சிரிக்கும். துவாயினே வாழ்நாளில் உருப்படியாக ஒரு போர்வை தைத்ததில்லை. சோம்பேறி, வேறென்ன. ஆகவே பெட்டியை மூடும் முன், ஊரே கண்ணை மூடிப் பாடிக்கொண்டிருந்த நேரத்தில், அக்காவின் மேலிருந்து போர்வையை உருவிவிட்டுக் கடைக் கம்பளி ஒன்றைத் திணித்தாள். சில்லிட்ட விரல் ஒன்று துணியில் மாட்டிக்கொண்டது. அதையும் விடுவித்தாள்.

அப்படியே கொடுத்தால், எந்த நிறத்துக்குப் பக்கத்தில் எந்த நிறம் என்று பார்த்தே சங்கத்துப் பெண்கள் நூரோவாவுடையது என்று சொல்லிவிடுவார்கள். அதனால் தையலை எல்லாம் பிரித்தாள். நிறங்களைக் கலைத்துப் போட்டுப் புது வரிசையில் கோத்து, திரும்பத் தைக்க ஆரம்பித்தாள்.

“என்னக்கா, சனிக்கிழமை கல்யாணம், இன்னும் பாதியிலயே கிடக்கு?” என்று நனைந்தபடி உள்ளே வந்தாள் பக்கத்து வீட்டுக் கிமியோரா. சேப்பங்கீரைச் சட்டியைக் கீழே வைத்துவிட்டுப் போர்வையை மடியில் இழுத்துப் போட்டுக்கொண்டாள். “அட, பாதி இல்ல, முக்காவாசி முடிச்சிட்டியே! அதுவும் தையலைப் பாரேன், மணி மணியா. நூரோவா அக்கா கை அப்படியே உனக்கு வந்துடுச்சு. அவ இருந்தப்ப ஒரு நாளாவது கத்துக்கிட்டியா? இப்பப் பாரு!”

துவாயினே தைத்தது இரண்டே வரிசை. அதுவும் கோணல் மாணலாக.

கிமியோரா போன பிறகு நிதானமாகப் பார்த்தாள். அப்பா, அம்மா, தம்பி. பழைய வரிசையிலேயே திரும்ப வந்து உட்கார்ந்திருந்தார்கள். நட்டநடுவில் மட்டும், முன்பு நூரோவா தனக்கென்று விட்டு வைத்த இடத்தில், மஞ்சள். இப்போது ஒரு துண்டு அல்ல. ஒரு கை நிறைய.

பிற்பகல் விமானத்தில் மேரே வந்தாள்.

மஞ்சள் கவுன். சிவப்புச் செம்பருத்தி.

“நல்லாருக்காம்மா? போன வாரந்தான் சந்தையில வாங்கினேன்” என்று ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டியவள், கீழ்விளிம்பைப் பார்த்து நின்றாள். “ஐயோ, இதென்ன? யாரோ கத்தரிச்ச மாதிரி இருக்கு.”

சின்னச் சின்னச் சதுர ஓட்டைகள். ஒழுங்காக. பக்கத்தில் பக்கத்தில்.

“கழட்டுடீ அதை!”

“வந்ததும் வராததுமா ஏம்மா கத்தற? குளுருது. கொஞ்ச நேரம் படுத்துக்கறேன், விடு.”

துவாயினே போர்வையைச் சுருட்டிக்கொண்டு மழையில் ஓடினாள். சமாதியின் மேல் அதை விரித்தாள். நாலு மூலையிலும் கல் வைத்தாள். “எடுத்துக்கக்கா. திருடிட்டேன், தப்புதான். உன் காலப் பிடிக்கறேன். எம் பொண்ணை விட்டுடு” என்று சிமெண்ட்டில் நெற்றியை வைத்து அழுதாள். மழை போர்வையில் விழுந்து தெறித்தது. உள்ளிருந்து ஒரு சத்தமும் இல்லை. அதுவே அவளுக்கு ஆறுதலாக இருந்தது.

வீட்டுக்குத் திரும்பினாள்.

கூடத்தில் ஈரம். வாசலிலிருந்து மேரேயின் அறைவரை, எதையோ இழுத்துக்கொண்டு போன மாதிரி ஒரு நீர்க்கோடு.

பூ வாடிய மணம்.

கதவைத் தள்ளினாள்.

மேரே கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். மடியில் போர்வை, சொட்டச் சொட்ட. குனிந்த தலை. கையில் ஊசி. மணி மணியான தையல், அவசரமே இல்லாத தையல். துணியில் ஒரு குத்து. முழங்கையில் ஒரு குத்து. போர்வையின் விளிம்பு அவள் தோளைத் தாண்டி ஏறியிருந்தது. தோலும் துணியும் சேர்ந்த இடம் தெரியவில்லை.

“மேரே!”

“வலிக்கலம்மா” என்றாள் மேரே. குரல் தூக்கத்தில் இருந்தது. “ரத்தங்கூட வரல பாரு.”

துவாயினே பாய்ந்து கத்தரியை எடுத்தாள். பிரிக்கத் தெரியும். அவளுக்குத் தெரிந்ததே அதுதான். ஒரு தையலை அறுத்தாள்.

மேரே அலறினாள். அறுத்த இடத்தில் கை பிளந்தது. உள்ளே சதை இல்லை, எலும்பு இல்லை. பிதுங்கியது பஞ்சு. வெள்ளைப் பஞ்சு, அதில் அழுகிய பூ. மேரேயின் முகம் ஒரு பக்கமாகத் தொய்ந்து, காலிப் பையாக மடிந்தது.

“பிரிக்காதேம்மா! பிரிச்சா நான் போயிடுவேன்! தைச்சிடு, தைச்சிடு!”

துவாயினே பிளவைச் சேர்த்துப் பிடித்தாள். மேரே அதன் மேல் இரண்டு குத்துக் குத்தினாள். முகம் மீண்டும் நிமிர்ந்தது. மூச்சு வந்தது. அவள் அம்மாவைப் பார்த்துச் சிரித்தாள், சின்னப் பிள்ளையில் சிரித்த அதே சிரிப்பு. அதற்குள் போர்வை கழுத்துக்கு வந்துவிட்டது.

“நூல் தீந்து போச்சும்மா” என்று ஊசியை நீட்டினாள். “கோத்துக் குடு. முகம் மட்டுந்தான் பாக்கி.”

துவாயினே நூலை நாக்கில் நனைத்து, ஊசிக் காதைத் தேடினாள்.