புறா குடியேறிய தலைக்கவசம்

எங்கள் தெக்கோவா ஊர்க்காரர் எரோகாம், ராஜாவின் முப்பது மெய்க்காவலர்களில் ஒருவர். மற்றவர்கள் சிங்கத்தை அடித்தார்கள், ஊரே அவர்களைப் பாடியது. இவர் நின்ற இடத்தை விட்டு நகராமல் காவல் காத்தார். அதற்கு யார் பாட்டுக் கட்டுவார்கள்? நாலு வருடமாகக் காவலர் தலைவரே இவரைப் பார்த்து, "நீ யாருப்பா?" என்றுதான் கேட்பார்.

ஒரு மாதம் காவல், ஒரு மாதம் வீடு. வாற்கோதுமை அறுப்புக்கு வந்தவர், வெண்கலத் தலைக்கவசத்தில் தண்ணீர் மொண்டு குடித்துவிட்டு, அதை அத்திமரக் கிளையில் தொங்கவிட்டார். அப்படியே மறந்தும் போனார்.

காவலுக்குத் திரும்பும் நாளன்று எடுக்கப் போனால், உள்ளே ஒரு புறா. அதன் அடியில் இரண்டு முட்டைகள்!

"நம்ம சட்டப்படி தாய்ப்பறவையைப் பிடிக்கக் கூடாது. அதை விரட்டிட்டு முட்டையை எடுத்துக்கலாம்" என்றார்.

ஒன்பது வயது மகள் அக்சாள் மரத்தைக் கட்டிக்கொண்டாள். "எடுத்துக்கலாம்னுதானே இருக்கு? எடுத்தே ஆகணும்னு இல்லையேப்பா!"

"தலைக்கவசம் இல்லாம போனா காவல் பட்டியல்ல இருந்து என் பேரையே எடுத்துடுவாங்க, கண்ணு."

அக்சாளுக்கு அழுகை வந்தது. அப்பாவின் பேரும் போகக் கூடாது, முட்டையும் போகக் கூடாது. சட்டென்று அடுப்படிக்கு ஓடி, வெண்கலப் பானையோடு வந்தாள்.

"அடியே! அது எங்க அப்பா குடுத்த சீதனம்!" என்று அம்மா கத்தினாள்.

"ஒரு மாசம் மண்சட்டியில சமைம்மா."

அக்சாள் பானைக்குள் ஆட்டுக் கம்பளியைத் திணித்தாள். பானையின் இரண்டு பக்கக் காதுகளிலும் கயிறு கோத்து, அதை அப்பாவின் தலையில் கவிழ்த்து, தாடைக்குக் கீழே கட்டினாள்.

"நல்லவேளை, உங்க அப்பாவுக்குப் பெரிய தலை" என்று அம்மாவே முடிச்சை இறுக்கினாள்.

அம்மாவும் அக்சாளும் கம்பளி விற்க அவரோடு நகரத்துக்கு நடந்தார்கள். அரண்மனை வாசலில் காவலர்கள் வரிசையாக நின்றார்கள். தலைவர் ஒவ்வொரு தலைக்கவசத்தையும் கோலால் தட்டிப் பார்த்தார். டொக். டொக். டொக். கடைசியாக எரோகாம்.

டங்ங்ங்!

காவலர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். தலைவர் மூக்கைச் சுருக்கினார். "பூண்டு வாசனை வருதே! யாருப்பா நீ?"

எரோகாமின் முகம் சிவந்துவிட்டது. ஆனாலும் புறாவையும் முட்டையையும் பற்றி ஒன்றுவிடாமல் சொன்னார்.

தலைவர் இன்னொரு முறை தட்டினார். டங்ங்ங்!

"மத்ததைவிட இதுதான் கெட்டி" என்றார். "ரெண்டு முட்டைக்கே இத்தனை காவலா? அப்போ ராஜாவுக்குக் கவலையே இல்லை. காவலுக்கு நில்லு!"

ஒரு மாதம் கழித்து எரோகாம் வீடு வந்தபோது குஞ்சுகள் பறந்துவிட்டிருந்தன. அக்சாள் தலைக்கவசத்தைச் சாம்பல் போட்டுத் தேய்த்துப் பளபளவென்று ஆக்கினாள்.

அடுத்த முறை தலைவர் முதல் பேராகவே, "தெக்கோவா எரோகாம்!" என்று கூப்பிட்டார். தலைக்கவசத்தைப் பார்த்ததும் அவர் முகம் வாடிவிட்டது.

"பானை எங்கேய்யா?"